அடைப்புக்குறியும் முழுமையும்: ஒழுங்குக்கோவைத் தேடலும் பழந்தமிழ் இலக்கிய ஆய்வும்

1. பிரச்சினை

பழந்தமிழ் இலக்கியத்தை ஆராய்வோர் கைகளில் இன்று புதியதொரு கருவி உள்ளது. கணினியில் ஏற்றப்பட்ட நூலொன்றில் ஒரு சொல் வருமிடங்களைக் காட்டுவதோடு இக்கருவி நின்றுவிடுவதில்லை. எழுத்துகளாலும் சில குறியீடுகளாலும் ஆன கோவையொன்றை நாம் எழுதிக் கொடுத்தால், அக்கோவைக்கு இணங்கும் இடங்களையெல்லாம் அது கண்டுபிடிக்கின்றது. கண்டுபிடித்த ஒவ்வோரிடத்திலும் நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்து நிரலாகவும் தருகின்றது. கணினித்துறையினர் இதனை ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பர். இக்கட்டுரையில் இதனை ஒழுங்குக்கோவை என்று வழங்குவோம்.

இக்கருவி தொடர்பாகத் தமிழாய்வாளரிடையே இருவேறு மனப்பாங்குகளை அவதானிக்கலாம். இலக்கியம் நயந்து உணரப்படுவது, எண்ணி அளக்கப்படுவதன்று என்று கூறி இதனை முற்றாக ஒதுக்குவோர் ஒரு சாரார். இலக்கிய ஆராய்ச்சி இதுகாறும் தனிமனித அபிப்பிராயங்களின் தொகுதியாகவே இருந்து வந்தது, இனித்தான் அது விஞ்ஞானமாகப் போகின்றது என்று மகிழ்ந்து வரவேற்போர் மற்றொரு சாரார். முதற்சாராரிடம் பழைய இரசனைமுறைத் திறனாய்வின் குரலைக் கேட்கின்றோம். இரண்டாஞ் சாராரிடம், புறத்தே தோன்றும் தரவுகளே உண்மை முழுவதும் என்று கொள்ளும் நேர்க்காட்சிவாதத்தின் குரலைக் கேட்கின்றோம். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர். கருவியானது கோட்பாட்டுச் சார்பு எதுவுமற்ற வெறும் இயந்திரம் என்றே இருவரும் கருதுகின்றனர். ஒருவர் அதற்காகவே அதனை வெறுக்கின்றார். மற்றவர் அதற்காகவே அதனை வணங்குகின்றார்.

இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. பனுவலொன்றிலிருந்து எதனை எடுப்பது, எதனை விடுவது என்பது கோவையை எழுதும்போதே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. தேடப்படுவது சமூக உறவொன்றாயின் அத்தீர்மானம் சமூகத்தைப் பற்றிய கருதுகோளாகவும் அமைந்துவிடுகின்றது. அக்கருதுகோள் எழுதப்படாமலும் விவாதிக்கப்படாமலும் மறைந்திருக்கையில், வெளிவரும் பட்டியலோ முற்றுப்பெற்ற உண்மை போன்று தோற்றமளிக்கின்றது. சங்கச் செய்யுள்களில் உடைமை உறவைக் குறிக்கும் ‘கிழமை’ என்னும் சொற்குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கருவியின் வரலாறு

எந்தக் கருவியும் வரலாற்றுக்கு வெளியே பிறப்பதில்லை. 1943ஆம் ஆண்டில் மக்கலக், பிற்ஸ் ஆகிய இருவரும் நரம்புக் கலங்களின் செயற்பாட்டுக்குக் கணித மாதிரியொன்றை வகுத்தனர். அத்தகைய மாதிரியொன்று எவ்வகை நிகழ்ச்சித் தொடர்களை இனங்காண வல்லது என்னும் வினாவை அளவையியலாளரான ஸ்டீபன் கிளீனி ஆராய்ந்தார். அமெரிக்க விமானப்படையின் ஆதரவில் வளர்ந்த ராண்ட் நிறுவனத்துக்காக 1951இல் அவர் எழுதிய அறிக்கை 1956இல் அச்சேறியது. ஒழுங்குக்கோவை என்னும் எண்ணக்கரு அங்கேதான் உருப்பெற்றது. 1968இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன் அதனைக் கொண்டு பனுவல்களைத் தேடும் செய்முறையொன்றை வெளியிட்டார். 1973இல் ‘கிரெப்’ என்னும் தேடற்செயலி யுனிக்ஸ் முறைமையில் இடம்பெற்றது.

கிரெப் செயலியின் பிறப்புக்குப் பின்னால் ஓர் இலக்கிய வினா இருந்தது என்பதைப் பலர் அறியார். 1787, 1788ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து ஹமில்ற்றன், மடிசன், ஜே ஆகிய மூவரும் எழுதிய 85 பெடரலிஸ்ற் கட்டுரைகளுட் சிலவற்றின் ஆசிரியர் யார் என்பது நெடுங்கால ஐயமாக இருந்தது. பெல் ஆய்வுகூடத்தில் லீ மக்மான் அக்கட்டுரைகளை ஆராய முற்பட்டபோது, அவற்றின் அளவு அங்கிருந்த தொகுப்புச் செயலியின் கொள்ளளவை விஞ்சியது. அதனாலேயே தேடும் பகுதி மட்டும் தனிச்செயலியாக வந்தது என்று அவர்தம் சக ஆய்வாளரான பிரையன் கேர்னிகன் கூறியுள்ளார். இலக்கிய ஆராய்ச்சிக்கு இக்கருவி அந்நியமானது என்போர் இச்செய்தியை மனங்கொள்ளல் நன்று.

கென் தொம்சனின் செய்முறை வெளிவந்த அதே 1968ஆம் ஆண்டிலேதான் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய கைலாசபதியின் ஆங்கில நூல் ஒக்ஸ்போர்டில் வெளியாயிற்று. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய அறிஞரான ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் நிகழ்ந்த ஆய்வின் பேறு அது. இவ்விரு தொம்சன்களுக்கும் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் அவர்கள் வழிவந்த இரு முயற்சிகளும் ஒரே பிரச்சினையின் இரு முனைகளைத் தொடுகின்றன. மில்மன் பரி ஹோமரின் காவியங்களிலும் யூகோசிலாவிய வாய்மொழிப் பாடல்களிலும் கண்ட ‘வாய்பாடு’ என்னும் கருத்தைக் கைலாசபதி சங்கச் செய்யுள்களுக்குப் பொருத்தினார். வாய்பாட்டில் நிலையான உறுப்பொன்று உண்டு; இடத்துக்கேற்ப மாறும் உறுப்பும் உண்டு. ஒழுங்குக்கோவையின் அமைப்பும் இதுவே. நிலையான உறுப்பு எழுத்துகளாக நிற்கின்றது. மாறும் உறுப்பு அடைப்புக்குறிக்குள் நிற்கின்றது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கைலாசபதிக்கு வாய்பாடு ஆராய்ச்சியின் முடிவாக இருக்கவில்லை. வாய்பாடுகளிலிருந்து அவற்றைப் பாடிய பாணர் மரபுக்கும், அம்மரபிலிருந்து அதனைப் புரந்த குறுநிலத் தலைவர், வேந்தர் ஆகியோரின் சமூக அமைப்புக்கும் அவர் சென்றார். இன்று கருவியைக் கையாள்வோரிற் பலர் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர்.

3. அடைப்புக்குறியின் தொழில்

கருவி இயங்கும் முறையைச் சிறிது விரிவாக நோக்குவோம். ‘கிழவோன்’ என்னும் சொல்லை அப்படியே தேடினால் ‘கிழவோய்’ என்னும் விளியும் ‘கிழவோற்கு’ என்னும் வேற்றுமை வடிவமும் தப்பிவிடும். எனவே சொல்லின் மாறா உறுப்பை மட்டும் வைத்து, எதற்கு உரியவன் என்பதை அறியப் பின்வருமாறு எழுதலாம்:

(நாடு|மலை|குன்று) ?கிழவோ

நிமிர்ந்த கோடு ‘அல்லது’ என்று பொருள்படும். இடைவெளியை அடுத்து நிற்கும் வினாக்குறி, அவ்விடைவெளி இருப்பினும் கொள்க, இல்லாதொழியினும் கொள்க என்பதைக் குறிக்கும். இக்கோவைக்கு இணங்கிய முழுத்தொடரைப் பொறி பூச்சியம் என்னும் எண்ணிட்டு வைத்துக்கொள்கின்றது. அடைப்புக்குறிக்குள் அகப்பட்ட உறுப்பை ஒன்று என்னும் எண்ணிட்டுத் தனியே வைத்துக்கொள்கின்றது. அடைப்புகள் பலவாயின், திறக்கும் குறிகள் இடமிருந்து வலமாக வரும் ஒழுங்கில் இரண்டு, மூன்று என எண் பெறும். ஆய்வாளர் ஒன்றாம் எண்ணை மட்டும் கேட்டால், ‘நாடு’, ‘மலை’ எனச் சொற்கள் நிரலாக வரும்.

இங்கே ஓர் இக்கட்டுத் தோன்றுகின்றது. உடைமையாகக்கூடிய பொருள்களை நாமே முன்கூட்டிப் பட்டியலிட்டுள்ளோம். பட்டியலில் இல்லாத பொருள் எதுவும் நமக்கு வந்து சேராது. இதனைத் தவிர்க்க அடைப்பைத் திறந்துவிடலாம்:

(.+)கிழவோ

புள்ளி எந்த எழுத்துக்கும் நிற்கும். கூட்டற்குறி அது ஒன்றோ பலவோ வரலாம் என்னும். இப்போது அடியின் தொடக்கத்திலிருந்து ‘கிழவோ’ வரையுள்ள அனைத்தும் அடைப்புக்குள் வந்துவிடுகின்றன. கூட்டற்குறியின் பின் வினாக்குறி இட்டால் இப்பேராசை அடங்கும் என்று கைந்நூல்கள் கூறும். அது வலப்புற எல்லையையே சுருக்கும். பொறி இடப்புறத்தே இயன்ற முதல் இடத்திலிருந்தே தொடங்குவதால் இங்கு பயன் விளையாது. அடைப்பை இறுக்கினால் நாம் அறிந்ததே திரும்பி வருகின்றது. தளர்த்தினால் வேண்டாததும் சேர்ந்து வருகின்றது. இரண்டுக்கும் இடையே எங்கு நிற்பது என்பதைப் பொறி சொல்லாது. சங்ககாலச் சமூகத்தில் எவையெவை உடைமையாக இருந்தன என்பது பற்றி நாம் கொண்டுள்ள கருத்தே அதனைத் தீர்மானிக்கின்றது.

அடைப்புக்குறியின் மற்றோர் இயல்பும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. அடைப்பொன்றை மீண்டும் மீண்டும் வருமாறு அமைப்பின், பெரும்பாலான செயலிகள் இறுதியாக அகப்பட்டதை மட்டுமே வைத்துக்கொண்டு முன்னையவற்றை விட்டுவிடும். புறநானூற்றின் 158ஆம் செய்யுளில் பெருஞ்சித்திரனார் பாரி முதலாக வள்ளல்கள் எழுவரை வரிசையாகக் கூறுகின்றார். அப்பெயர்வரிசையைத் திரும்ப வரும் ஓரடைப்பால் பிடிக்க முயல்பவருக்கு ஈற்றில் நிற்கும் நள்ளி மட்டுமே மிஞ்சுவான். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அறுவர் போன சுவடே தெரியாது.

4. எழுத்தும் பதிப்பும்

பொறி தேடுவது தமிழ் எழுத்தை அன்று. எழுத்துக்கு வழங்கப்பட்ட குறியெண்களையே அது தேடுகின்றது. யூனிக்கோட் முறையில் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியுமாகிய இரு குறியெண்களால் ஆவது. மேலே கூறிய புள்ளி இவற்றுள் ஒன்றையே கொள்ளும். ஆதலால், ‘கிழவோன்’ என்பதில் ழகரத்துக்கு முன்னுள்ள ஒன்றைப் பிடிக்கக் கூறினால் ‘கி’ வராது. உயிர்க்குறி மட்டும் தனித்து வரும். ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முன்னதாகவே அவற்றை ஒருநிலைப்படுத்தாவிடின் பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பைதன் மொழியோடு இயல்பாக வரும் ஒழுங்குக்கோவைக் கூறு, சொல்லெழுத்து எனத் தான் வகுத்த தொகுதியில் உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் சேர்ப்பதில்லை. அதனிடம் சொற்களைப் பிரித்துத் தருமாறு கேட்டால் ‘கிழவோன்’ என்பது ‘க’, ‘ழவ’, ‘ன’ என மூன்று துண்டுகளாக உடைந்து வெளிவரும்.

இதனை வெறும் தொழினுட்பக் குறைபாடாகக் கொள்ளலாகாது. ‘சொல்’ என்றால் என்ன என்பதை இலத்தீன் வரிவடிவத்தின் பழக்கம் முன்னரே வரையறுத்துவிட்டது. பிற மொழியினர் அவ்வரையறைக்குள் தம்மைப் பொருத்திக்கொள்ளவோ அதனைத் திருத்திக்கொள்ளவோ வேண்டியவராகின்றனர். அறிவுக் கருவிகளின் உற்பத்தி எங்கு நிகழ்கின்றது என்பதன் விளைவு இது.

இனி, பதிப்பின் பிரச்சினை. 1894இல் வெளிவந்த உ. வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்புப் போன்ற பழைய பதிப்புகள் சீர் நோக்கிப் பாடலைப் பிரித்தன. 1957ஆம் ஆண்டளவில் வெளிவரத் தொடங்கிய மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் பொருள் விளங்கச் சந்தி பிரித்துத் தந்தன. இடைவெளியைச் சொல்லெல்லையாகக் கொள்ளும் கோவை, இவ்விருவகைப் பதிப்பிலும் ஒரே விடையைத் தராது. மேலும் கோவூர்கிழார், ஆவூர் மூலங்கிழார், அரிசில்கிழார் முதலாய பெயர்கள் செய்யுளுக்கு வெளியே, தொகுத்தோரும் பின்வந்தோரும் சேர்த்த குறிப்புகளில் நிற்பவை. மின்கோப்பில் செய்யுளும் குறிப்பும் ஒன்றாகக் கலந்து கிடக்குமாயின், வெவ்வேறு காலத்துச் சான்றுகள் ஒரே பட்டியலில் சமமாக வந்து அமர்கின்றன. காலவேறுபாட்டைத் துடைத்துவிட்டு உடைமை உறவின் வளர்ச்சியை எவ்வாறு ஆராய்வது?

5. தவறாகப் பிடிபட்ட கிழங்கு

மேற்கூறிய தடைகளையெல்லாம் கடந்து, சொற்குடும்பம் முழுவதையும் பெற விரும்பும் ஆய்வாளர் ‘கிழ’ என்னும் அடிப்பகுதியைத் தேடுவதாகக் கொள்வோம். நாடாளும் வேந்தனைக் குறிக்கும் ‘நாடுகிழவோன்’ வரும். ஊரும் நிலமும் உடையாரைக் குறிக்கும் ‘கிழான்’, ‘கிழார்’ என்பன வரும். தொல்காப்பியத்தையும் சேர்த்துத் தேடின் அகத்திணைத் தலைமக்களைச் சுட்டும் ‘கிழவன்’, ‘கிழத்தி’ என்பனவும் வரும். காதலரைக் குறிக்கவும் உரிமையின் சொல்லே இலக்கண வழக்காக நிலைபெற்றமை தனியே ஆராயத்தக்கதொன்று. இவற்றோடு ‘கிழக்கு’, ‘கிழி’ போன்ற தொடர்பற்ற சொற்களும் வரும். அவற்றுள் ஒன்று ‘கிழங்கு’.

ஆய்வாளர் உடனே கோவையைத் திருத்துவார்:

கிழ(?!ங்கு)

‘கிழ’ என்பதன்பின் ‘ங்கு’ வருமாயின் கொள்ளற்க என்பது இதன் பொருள். வந்தெய்தும் சூழலைப் பார்த்துவிட்டு, அதனை எடுக்காமலே முடிவுசெய்யும் முன்னோக்குக் குறி இது. மிகப் பயனுள்ளதுதான். பட்டியல் தூய்மையாகிவிட்டது. உடைமையை ஆராய்பவருக்குக் கிழங்கினால் ஆவதென்ன?

அவ்வாறு நீங்கிய இடங்களுள் ஒன்று புறநானூற்றின் 109ஆம் செய்யுளாகும். மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டிருக்கும் நிலையில் கபிலர் பாடியது அது. உழவரின் உழைப்பை வேண்டாத நான்கு பயன்கள் அம்மலைக்கு உண்டு என்கின்றார் அவர். மூங்கில்நெல் விளையும், பலா பழுக்கும், வள்ளிக்கிழங்கு கிடைக்கும், தேன் சொரியும். களிறுகளைக் கட்டிவைத்தும் தேர்களைப் பரப்பியும் வாளால் அம்மலையைக் கொள்ள இயலாது என்றும், விறலியரோடு ஆடிப்பாடிச் சென்று இரந்தால் நாட்டையும் குன்றையும் அவன் ஒருங்கே தந்துவிடுவான் என்றும் வேந்தர்க்கு அவர் உரைக்கின்றார். அடுத்த செய்யுளில், பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் முன்னரே பெற்றுவிட்டனர் என்கின்றார்.

உடைமை என்னும் பிரச்சினை சங்கச் செய்யுள்களில் இதனைவிடக் கூர்மையாக எழும் இடங்கள் மிகச் சிலவே. உழைப்பின்றி இயற்கை தரும் விளைவை நுகரும் மலைவாழ்க்கை ஒருபுறம். உழவரின் உழைப்பைத் தளமாகக் கொண்டு யானையும் தேரும் திரட்டிய வேந்தரின் ஆதிக்கம் மறுபுறம். வாளால் கொள்ளும் உடைமை ஒன்று. கொடையால் கைமாறும் உடைமை மற்றொன்று. குலத்தலைமை வேந்தாட்சியின்முன் நிலைகுலையும் வரலாற்றுக் கட்டமே இப்பாட்டின் களம். கைலாசபதியும், திணைக்கோட்பாட்டின் சமூக அடிப்படையை 1974இல் ஆராய்ந்த சிவத்தம்பியும் நமக்குச் சுட்டிக்காட்டியது இத்தகைய முரண்பாடுகளையே.

ஆயின் இச்செய்யுளில் கிழவோன் இல்லை, கிழான் இல்லை, கிழமை இல்லை. பறம்பு பாரியுடையது என்பதை ஆறாம் வேற்றுமை உருபே உணர்த்துகின்றது. கொள்ளல், தருதல், ஈதல் என்னும் வினைகளே உறவைச் சுமக்கின்றன. நமது கோவைக்குள் இச்செய்யுளைக் கொண்டுவந்து சேர்த்தது கிழங்கு ஒன்றுதான். அதையும் குப்பையென்று களைந்தபோது, உடைமை பற்றிய ஆய்வு உடைமை பற்றிய தலைசிறந்த பாட்டொன்றை இழந்துவிடுகின்றது.

இது தற்செயல் என்று கூறலாம். சொற்கள் ஒலியால் ஒத்தமை தற்செயல்தான். இழப்போ தற்செயலானதன்று. உடைமை என்பது உடையவனின் பெயரிலேதான் வெளிப்படும் என்னும் கருதுகோள் அக்கோவைக்குள் இருந்தது. உடையவரைத் தேடினால் உடையவரே கிடைப்பர். உழுதோரும் அகழ்ந்தோரும் இரந்தோரும் அச்சொற்குடும்பத்துக்கு வெளியே நிற்பவர்கள். மேலோரின் சொல்லைக் கொண்டு சமூகத்தைத் தேடுபவருக்கு மேலோரின் சமூகமே விடையாக வருகின்றது.

இங்கு பழைய அச்சுச் சொல்லடைவுகளின் ஓர் இயல்பு நினைவுகூரத்தக்கது. 1962இல் வெளிவந்த வ. ஐ. சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவையோ, 1967 முதல் 1970 வரை புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவையோ புரட்டுபவர் கிழவோனைத் தேடிச் செல்லும் வழியில் கிழங்கைக் காணாமல் போக முடியாது. அகரவரிசை அவற்றை அண்டை வீட்டாராக வைத்திருக்கின்றது. வேண்டாததையும் கண்ணிற் படச்செய்யும் அப்பண்பு, வேண்டியதை மட்டும் பிரித்துத் தரும் கருவியில் இல்லை.

6. அடியும் பாட்டும்

பிரித்தெடுத்த பகுதி சரியானதாக இருந்தபோதிலும் பிரச்சினை தீர்வதில்லை. பத்துப்பாட்டில் 248 அடிகளையுடைய பொருநராற்றுப்படையும் 583 அடிகளையுடைய மலைபடுகடாமும் ‘நாடுகிழவோனே’ என்று முடிகின்றன. 317 அடிகளையுடைய திருமுருகாற்றுப்படை ‘மலைகிழவோனே’ என்று முடிகின்றது. நமது கோவை இம்மூன்றையும் தவறாது கண்டுபிடித்து, ‘நாடு’, ‘நாடு’, ‘மலை’ என்று மூன்று சொற்களைத் தரும். முதலாவது சோழன் கரிகாலனுக்கு உரியது. இரண்டாவது குறுநிலத் தலைவனாகிய நன்னனுக்கு உரியது. மூன்றாவது முருகனாகிய தெய்வத்துக்கு உரியது. வேந்தனையும் தலைவனையும் தெய்வத்தையும் ஒரே வாய்பாட்டால் போற்றிய மரபின் சமூகப் பொருள் யாது என்பதே ஆராய்ச்சிக்குரிய வினா. அவ்வினாவை எழுப்பும் வேறுபாடோ அடைப்புக்குறிக்கு வெளியே தங்கிவிட்டது.

அஃதன்றியும், கிரெப் போன்ற செயலிகள் அடியை அலகாகக் கொண்டு இயங்குவன. பொருநராற்றுப்படையின் இறுதியடியை அவை நமக்குக் காட்டும். ஆயின் அவ்விறுதித் தொடர் நூற்றுக்கணக்கான அடிகளின் சுமையைத் தாங்கி நிற்பது. ஈரும் பேனும் குடிகொண்ட கந்தலுடுத்து வந்த கலைஞன் புத்தாடை பெற்றதும், உழுத கொழுப்போலப் பல் மழுங்குமளவு ஊன் உண்டதும் அவ்வடிகளிலேதான் கூறப்படுகின்றன. உண்பவனின் பல்லுக்கு உவமையாக உழவனின் கொழு வருகின்றது; உழவன் உவமைக்குள் மறைந்து நிற்கின்றான். இறுதியில் வரும் ‘நாடுகிழவோன்’ என்னும் போற்றுரையின் பொருள், அதற்கு முன்னுள்ள பசியோடும் உழைப்போடும் இயைத்து நோக்கும்போதே முழுமையடைகின்றது.

முழுமையிலிருந்து ஒன்றைப் பிரித்து நோக்குதல் தவறன்று; எல்லா அறிவும் அவ்வாறே தொடங்குகின்றது. அரசியற் பொருளாதாரத்தின் முறையியலைப் பற்றி 1857இல் எழுதிய முன்னுரையில் மார்க்ஸ் இதனைத் தெளிவுபடுத்தினார். உறவுகளிலிருந்து எளிய கருத்தாக்கங்களைப் பிரித்தெடுத்தல் பயணத்தின் முற்பாதி. அவற்றோடு மீண்டு வந்து, பல நிர்ணயங்கள் ஒன்றுகூடிய முழுமையாகப் பருப்பொருள் உலகை மறுபடியும் சிந்தையில் உருவாக்குதல் பிற்பாதி. ஒழுங்குக்கோவை முற்பாதியை விரைவுபடுத்துகின்றது. பிற்பாதியை அது நமக்காகச் செய்து தருவதில்லை. அவ்விரைவினால், பிற்பாதி தேவையில்லை என்னும் மயக்கமும் உண்டாகின்றது.

7. மறைந்த உழைப்பும் நமது கடமையும்

பட்டியல் ஒரு நொடியில் வருகின்றது என்று வியக்கின்றோம். அந்நொடிக்குள் பல்லாண்டு உழைப்பு உறைந்து கிடக்கின்றது. தோமஸ் அக்குவைனாசின் நூல்களுக்குக் கணினிவழிச் சொல்லடைவு செய்த ரொபேட்டோ பூசா என்னும் இயேசுசபைத் துறவியின் பெயர் இத்துறை வரலாற்றில் முதலிடம் பெறுகின்றது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆதரவை 1949இல் அவர் நாடினார். 56 தொகுதிகளாக அப்பணி 1980இல் நிறைவுற்றது. இத்தாலியில் துளை அட்டைகளில் அந்நூல்களைப் பதித்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்களாவர். அவர்தம் பெயர்கள் அண்மைக்கால ஆய்வுகளாலேயே வெளிச்சத்துக்கு வரத் தொடங்கின. தமிழில் 1998இல் தொடங்கிய மதுரைத்திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டமும் தன்னார்வலரின் உழைப்பால் வளர்ந்தவை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட ஒரு சமூகத்துக்கு இவ்வுழைப்பின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. அவ்வுழைப்பின் பயனைக் கொள்ளும் ஆய்வாளர், தாம் பயன்படுத்திய கோப்பு எது, எப்பதிப்பை ஒட்டியது என்று கூடக் குறிப்பிடாமல் ‘சங்க இலக்கியத்தில்’ என்று பொதுப்பட எழுதுதல் அறமுமன்று, ஆராய்ச்சியுமன்று.

எனவே, இக்கருவியைக் கையாளும் ஆய்வேடுகளிடம் நான்கு தேவைகளை நாம் வற்புறுத்த வேண்டும். முதலாவதாக, எழுதிய கோவையை அப்படியே வெளியிடல் வேண்டும். அதுவே ஆய்வாளரின் கருதுகோள். இரண்டாவதாக, தேடிய பதிப்பையும், செய்யுளும் பிற்காலக் குறிப்பும் அதில் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளன என்பதையும் கூறல் வேண்டும். மூன்றாவதாக, பிரித்தெடுத்த பகுதியோடு முழுத்தொடரும் செய்யுள் எண்ணும் உடன்வருதல் வேண்டும். நான்காவதாக, வேண்டாதவை என்று களைந்தவற்றின் பட்டியலும் தரப்படல் வேண்டும். கருதுகோளின் எல்லை எங்கே முடிகின்றது என்பதை ஏற்றுக்கொண்டவற்றைவிடக் களைந்தவையே பெரும்பாலும் தெளிவாகக் காட்டும்.

இரசனைவாதிகள் அஞ்சுவதுபோல இக்கருவி இலக்கியத்தைக் கொன்றுவிடப் போவதில்லை. 109ஆம் செய்யுளை நம்முன் கொண்டுவந்து வைத்தது பொறிதான், தள்ளிவிட்டவர் மனிதர். எண்ணிக்கைவாதிகள் நம்புவதுபோல இக்கருவி நம்மைச் சார்பிலிருந்து விடுவிக்கப் போவதுமில்லை. சார்பை அது குறியீடுகளாக மாற்றி மறைக்கின்றது. மறைந்ததை வெளிக்கொணர்வது விமர்சகரின் பணி. அடைப்புக்குறிக்குள் எதனை இட்டோம் என்று சொல்லவும், வெளியே நின்றவர் யாவர் என்று கேட்கவும் துணிவோமாயின், இக்கருவி நமக்கு நல்ல பணியாளாக இருக்கும். பறம்பின் கிழங்கை உண்டவர்களும் மருதத்தின் வயலை உழுதவர்களும் தமிழிலக்கிய வரலாற்றில் எந்த எண் பெறுகின்றனர் என்பது அத்துணிவிலேயே தங்கியுள்ளது.